இடது முழங்கால்

“அசையக் கூடாது, மயூ” என்று சொல்லிவிட்டு ஸ்கான் எடுக்கிற எஸ்பன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டான். அசையக் கூடாதாம்! யாரைப் பார்த்துச் சொல்கிறான் பாருங்கோ. பதினாலு வருஷமாக நோர்வே பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு முன்வரிசையில் நின்று ஓடு ஓடென்று ஓடினவளைப் படுக்கவைத்து, இடது காலை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து இறுக்கி, காதுக்கு ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு ரப்பர் உருண்டையையும் தந்து, “பயமாயிருந்தால் இதை அமத்து” என்றும் சொல்லி, இருபத்தைந்து நிமிஷம் கட்டை மாதிரிக் கிட என்றால் எப்படி? மயூரிக்கு உடனே மூக்குக் கடிக்கத் தொடங்கிவிட்டது. சொறிய ஏலாது. கையைத் தூக்கினால் படம் கலங்கிவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேணும். இது அவளுக்குப் புதுசில்லை, மூன்றாந் தரம். இருபத்திரண்டு வயசில் ஒருக்கா, இருபத்தேழில் ஒருக்கா, இப்போது முப்பத்திமூன்றில். மூன்று தரமும் இதே இடது முழங்கால். அதற்குள்ளே எலும்பை எலும்போடு கட்டிவைத்திருக்கிற ஒரு நார் இருக்கிறது, சின்னிவிரல் தடிப்புத்தான் வரும். அது திரும்பவும் அறுந்துவிட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி. அறுந்திருந்தால் பந்து முடிந்தது, இந்த வயசில் மூன்று தரம் அறுந்த காலை ஒரு அணியும் திரும்பிப் பார்க்காது. அறாமல் இருந்தால் புதன்கிழமை நாட்டு அணியோடு போய்ச் சேர வேணும். பயிற்சியாளர் ஹைடி பெயர்ப் பட்டியலில் ஒரு இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மத்தியானம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“முதல் படம் நாலு நிமிஷம்” என்று காதுக்குள் எஸ்பன் சொன்னான். மேசை மெல்ல உள்ளே போனது. முழங்கால் படம் என்பதால் நெஞ்சுவரைதான் குழாய்க்குள், தலை வெளியே, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கூரை. டொக் டொக் டொக் என்று மிஷின் தொடங்கியது. சனிக்கிழமை அறுபத்திரண்டாவது நிமிஷம், வலப்பக்கத்தால் பந்து வந்தது. ஒருத்தியும் முட்டவில்லை, ஒருத்தியும் பிடித்து இழுக்கவில்லை. இடது காலை ஊன்றித் திரும்பினாள், அவ்வளவுதான், அடுத்த கணம் முகம் தரையில், வாய்க்குள்ளே பிளாஸ்டிக் புல்லுக்குப் போடுகிற கறுத்த ரப்பர்த் துணிக்கைகள். முதல் தரம் அறுந்தபோது சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற எதிரணிக்காரிக்கும் கேட்டு, மயூரிக்கு முன்னம் அவள்தான் அழத் தொடங்கினாள். இரண்டாந் தரமும் கேட்டது. இந்தத் தரம் கேட்டதா? கேட்ட மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. வீக்கம் இருக்கிறது, ஆனால் பெரிய வீக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோபாவில் இருந்து முழங்காலை அமத்தி அமத்திப் பார்த்தாள், தோடம்பழம் வாங்குகிறவர்கள் அமத்துகிற மாதிரி. விழுந்தவுடனே முதல் வந்தது நோவு இல்லை. நோவுக்கு முன்னம் வேறொன்று மனசுக்குள்ளே வந்தது. அது என்னவென்றால்… விடு. அதை இப்போது ஏன் கிண்டுவான்? வேறேதாவது நினை. கூரையில் எத்தனை ஓட்டை என்று எண்ணு.

ஹெட்போனில் வானொலி, மிஷின் மூச்சுவிடுகிற இடைவெளியில் மட்டும் கேட்டது. யாரோ ஒருத்தி காலநிலை வாசித்தாள். வடக்கே பின்மார்க்கில் பலத்த காற்றாம். எப்போதுதான் அங்கே காற்று இல்லாமல் இருந்தது? அங்கேதான், கடலோரத்து மீன்பிடி ஊர் ஒன்றில் மயூரி பிறந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மீன் பக்டரியில் வேலை. பக்டரிக்குப் பின்னால் ஒரு சரளைக்கல் மைதானம், ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் கடல். கடல் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் வலை இல்லை. கோலுக்கு மேலாலே அடித்தால் பந்து நேரே தண்ணீரில். அங்கத்தைப் பெடியங்களிடம் ஒரு சட்டம் இருந்தது, பந்தைக் கடலுக்குள் அடித்தவர்தான் போய் எடுக்க வேணும். ஒருக்கா அவள் போனாள், ஒன்பது வயசில், இடுப்பளவு தண்ணீரில். அந்தக் குளிர் மறக்குமே! அதற்குப் பிறகு கோலுக்கு மேலாலே அவள் அடித்ததே இல்லை, எல்லாம் தரையோடு தரையாக, கம்பத்துக்கு உள்ளாலே. பிற்காலத்தில் தொலைக்காட்சியில் வர்ணிக்கிறவர்கள், கனகலிங்கம் என்ற அவள் அப்பாவின் பெயரைக் கடித்துத் துப்பிவிட்டு, “என்ன நிதானம், என்ன பதறாத மனசு!” என்று புகழுவார்கள். நிதானமும் இல்லை, மண்ணும் இல்லை. குளிருக்குப் பயம், அவ்வளவுதான். எழுபத்தொரு கோல் இந்தப் பயத்தில் போட்டாள் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? நாட்டுக்காக முப்பத்தொன்று, மிச்சம் கழகங்களுக்கு. சே, மூக்கு இன்னும் கடிக்கிறது.

“நல்லாக் கிடக்கிறாய், அடுத்தது ஐஞ்சு நிமிஷம்.” இப்போது சத்தம் மாறி, ரோட்டைக் கிண்டுகிற மாதிரி ஒரு உறுமல். அம்மாவுக்கு இந்தச் சத்தம் பழக்கம், பக்டரியில் முப்பது வருஷம் இதற்குள்ளேதான் நின்றாள். தொடக்கத்தில் அம்மாதான் பெரிய எதிரி. “பொம்பிளைப் பிள்ளைக்குக் கண்டறியாத பந்து! காலில காயத்தோட ஆர் உன்னைக் கட்டுவான்?” என்று கேட்பாள். சங்கீத வகுப்புக்கு என்று கூட்டிக்கொண்டு போனால் மயூரி பின்கதவால் ஓடிவிடுவாள். பத்தொன்பதில் நாட்டுச் சட்டையைப் போட்டு, தேசிய கீதத்துக்கு வாயசைத்துக்கொண்டு நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றைக்கு அம்மா மாறினாள். மாறினாள் என்றால் சும்மா இல்லை, அடியோடு. ஒப்சைட் விதி என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது, ஆனால் தொண்ணூறு நிமிஷமும் நின்றபடிதான் பார்ப்பாள். “பிள்ளை ஓடேக்க நான் எப்பிடி இருக்கிறது?” என்பாள். அப்பா சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, “நீ நிண்டால் அங்க கோல் விழுமோ?” என்று பகிடி விடுவார். ஊர்ச் சனமும் மாறிவிட்டது. “பெட்டையைக் கெடுக்கிறியள்” என்று அப்பாவுக்குப் புத்தி சொன்னவர்கள்தான் பிறகு பொங்கல் விழா மேடையில் அவளுக்கு மாலை போட்டு, “எங்கட பிள்ளை” என்று மைக்கில் கத்தினார்கள். நோர்வேக்காரருக்கும் அவள் எங்கட பிள்ளைதான். எல்லாருக்கும் எங்கட பிள்ளை. நல்ல விஷயம், குறை சொல்லக் கூடாது. ஆனால் எல்லாருக்கும் சொந்தமான ஒன்றை, நான் இனி வைத்திருக்க மாட்டேன் என்று ஒருத்தி தன்பாட்டில் எப்படிக் கீழே வைப்பாள்? யாரிடம் கேட்க வேணும்? பொங்கல் விழாக் குழுவிடமா?

பார்த்தீர்களா, எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறது. சரி, சொல்லித் தொலைக்கட்டும். சனிக்கிழமை முகம் குப்புற விழுந்தபோது, நோ வருவதற்கு முன்னம், அவளுக்குள்ளே முதல் வந்தது ஒரு “அப்பாடா.” அவ்வளவுதான். கூட விளையாடுகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள், நடுவர் விசில் ஊதுகிறார், ஸ்ட்ரெச்சர் ஓடி வருகிறது, இவள் தரையில் கிடந்து “அப்பாடா” என்கிறாள். வெட்கம் கெட்ட நினைப்பு. அதை அவள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, தனக்கே இப்போதுதான் சொல்கிறாள். பந்தை வெறுத்துவிட்டாளா என்றால் அதுவும் இல்லை. பந்து பாவம், அது என்ன செய்தது? முன்வரிசைக்காரியின் வேலை காத்திருக்கிறது. எண்பத்தொன்பது நிமிஷம் காத்திருந்து ஒரு நொடியில் யோசிக்காமல் பாய்கிறது. யோசித்தால் போச்சு, பிந்திவிடும். ஆறு வருஷமாக அவள் யோசிக்கிறாள். பந்து இடப்பக்கத்தால் வந்தால் முதல் முழங்காலைக் கேட்கிறாள், முழங்கால் சம்மதம் சொன்ன பிறகுதான் ஓடுகிறாள். அரை நொடி பிந்துகிறது. அந்த அரை நொடி பயிற்சியாளருக்குத் தெரியவில்லை, பத்திரிகைக்காரருக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரியும். காலமை எழும்பும்போது சப்பாத்துப் பையைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். இரண்டு தரமும் ஒவ்வொரு வருஷம் ஜிம்மில் ஒற்றைக் காலில் நின்று அழுது அழுது திரும்பி வந்தவள், வந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறாள். அதனால்தான் ஆசைப்படுகிறாள். அறுந்திருக்கட்டும். அறுந்திருந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கால் போய்விட்டது, என்ன செய்ய, பாவம் பிள்ளை, என்று சனமே சொல்லி முடித்துவிடும். பூக்கொத்து வரும், மேடை வரும், கண்ணீர் வரும். கடவுளே, அறுந்திருக்கட்டும்.

“அசைஞ்சாய் போல கிடக்குது, மயூ?” “இல்லை.” “சரி, இன்னும் இரண்டு படம்தான்.” உடம்பு குலுங்கியிருக்க வேணும். அறுந்திருக்கட்டும் என்று கேட்டவுடனே அம்மாவின் முகம் வந்துவிட்டதே, அதுதான். அறுந்திருந்தால் அம்மா என்ன ஆவாள்? அந்த வெள்ளிக் கால் கதை இருக்கிறதே. இரண்டாந் தரம் அறுந்தபோது அம்மா ஒஸ்லோ முருகன் கோவிலுக்கு நேர்த்தி வைத்தாள், பிள்ளைக்குச் சுகம் வந்தால் வெள்ளியில் ஒரு கால் செய்து போடுவேன் என்று. சுகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் மாமியிடம் சொல்லி, ஒரு சாண் நீளத்தில், விரல் நகம்கூட வெட்டிச் செய்த அழகான கால் பார்சலில் வந்தது. அம்மா பட்டுச் சேலை கட்டி, தட்டில் பூவும் பழமும் வைத்து, நடுவில் காலை வைத்துக் கொண்டுபோய் ஐயரிடம் குடுத்தாள். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மயூரி அப்போதே கண்டுவிட்டாள், பெருவிரல் இடப்பக்கம் கிடந்தது. வலது கால்! தொலைக்காட்சியில் பிள்ளை அம்மாவுக்கு முகம் காட்டி நின்று கால் மடிந்து விழுந்தாள் அல்லவா, தூரத்தில் வடக்கே இருந்த அம்மா தன்னுடைய வலப்பக்கம் தெரிந்த காலை வலது கால் என்று எடுத்துவிட்டாள். மயூரி கண்ணை மூடிக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து படங்களைப் போனில் தள்ளிப் பார்க்கும்போதுதான் அம்மா கண்டு, தலையில் கை வைத்து நிலத்தில் இருந்துவிட்டாள். “முருகனுக்குத் தெரியாதே எந்தக் கால் எண்டு?” என்று அப்பா கேட்டார். “தெரியுமெண்டால் பிறகேன் நாங்கள் வெள்ளியில செய்து காட்டுறம்?” என்று அம்மா திருப்பிக் கேட்டாள். இடக்காலும் செய்விப்பம் என்று அம்மா நின்றாள். மயூரிதான் சிரித்துச் சிரித்து, “வேண்டாமம்மா, இப்ப இரண்டும் நல்லாத்தானே கிடக்குது” என்று மறித்தாள். ஆறு வருஷமாக அது வீட்டில் ஒரு பகிடி. சனிக்கிழமைக்குப் பிறகு பகிடி இல்லை. நேற்று நாலு தரம் போன் எடுத்தாள் அம்மா. நாலு தரமும் ஒரே கதைதான், “நான் பிழையான காலைக் குடுத்திட்டன், பிள்ளை. நீ வேண்டாமெண்டாலும் நான் மற்றக் காலைக் குடுத்திருக்க வேணும்.”

இப்போது என்னத்தைக் கேட்பது? அறுந்திருந்தால் மயூரி தப்பினாள், அம்மா மாட்டினாள். சாகுமட்டும் அந்தப் பழியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு திரிவாள். அப்பா எத்தனை பகிடி விட்டாலும் சரி வராது. நார் அறுகிறதற்கும் வெள்ளிக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவரைக் கூட்டிக்கொண்டு வந்து சொன்னாலும், “ஓம் ஓம்” என்று தலையாட்டிவிட்டுச் சாமியறைக்குப் போய் அழுவாள். தான் அப்பாடா என்று மூச்சுவிட அம்மாவை விலையாகக் குடுக்கிறதா? அதற்காக அறாமல் இருக்கட்டும் என்று கேட்கலாம் என்றால், அதற்கும் வாய் வரவில்லை. புதன்கிழமை நினைவுக்கு வந்தது, சப்பாத்துப் பை, மைதானத்து மஞ்சள் வெளிச்சம், இடப்பக்கத்தால் வருகிற பந்து. அறுந்திருக்கட்டும். ஐயோ, வேண்டாம். இருக்கட்டும். வேண்டாம். டொக் டொக் என்று மிஷின் அடிக்க அடிக்க இவளும் மாறி மாறிச் சொன்னாள். கடைசியில் இரண்டையும் கேட்காமல் நிறுத்திவிட்டாள், களைத்துப்போய். நார் எப்படியிருக்கிறதோ அப்படித்தான் சனிக்கிழமை தொடக்கம் இருக்கிறது. இவள் கேட்டு இனி ஒன்றும் அறவும் போவதில்லை, ஒட்டவும் போவதில்லை. கண்ணோரத்தால் தண்ணீர் காதுக்குள் போனது. துடைக்க ஏலாது. மிஷின் சட்டென்று நின்றுவிட்டது, எஸ்பன் வந்து காலிலிருந்த கூட்டைக் கழற்றி, கண் துடைக்க ஒரு துவாயை நீட்டினான். அவள் முதலில் மூக்கைச் சொறிந்தாள்.

மருத்துவர் தூரிட்டின் அறையில் பத்து நிமிஷம் இருந்தாள். இந்த நாட்டில் மருத்துவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. தூரிட்தான் இரண்டு தரமும் இந்தக் காலை வெட்டித் தைத்தவள், மயூரியின் முழங்காலை மயூரியைவிட அவளுக்குத்தான் கூடத் தெரியும். கதவைத் திறக்கும்போதே அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. “அறேல்லை! நான் போட்ட நார் கயிறு மாதிரி நிக்குது. உள்ளுக்குக் கொஞ்சம் அடி, கொஞ்சம் நீர், அவ்வளவுதான். புதன்கிழமை போய் அணியோட சேர், பத்து நாளில நீ ஓடலாம்.” மயூரி சிரிக்க வேணும் என்று நினைத்தாள். வாய் வரவில்லை. முகம் தன்பாட்டில் விழுந்துபோனது. அதை தூரிட் கண்டுவிட்டாள் என்பதை மயூரியும் கண்டாள். தூரிட் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மேசைக்குப் பின்னால் இருக்காமல் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள், “நார் பலவீனம், இனி விளையாடுறது ஆபத்து எண்டு நான் எழுதலாம். முழுப் பொய்யும் இல்லை, இரண்டு தரம் அறுந்த கால்தானே. ஒருத்தரும் என்னைக் கேள்வி கேக்க மாட்டினம். எழுதட்டோ?”

அடடா, எவ்வளவு லேசாகத் தட்டில் வைத்து நீட்டுகிறாள்! ஓம் என்று ஒரு சொல், எல்லாம் முடிந்தது. பூக்கொத்து, மேடை, பாவம் பிள்ளை. மயூரி தூரிட்டின் கையிலிருந்த பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலவீனம் என்று எழுதினால் அம்மா அதை வாசிப்பிப்பாள், தம்பி முறையான யாரையாவது பிடித்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பாள், ஏன் பலவீனம், எந்தக் கால் என்று. அது ஒன்று. மற்றது, அவளுக்கே அந்தப் பொய் பிடிக்கவில்லை. ஆறு வருஷம் இந்த நார் பாவம் இவளைத் தாங்கி நின்றது, கடைசியில் அதன் தலையில் பழியைப் போடுகிறதா? “வேண்டாம், தூரிட். நல்லாயிருக்கு எண்டே எழுது. மிச்சத்தை நான் சொல்லுறன்” என்றாள். தூரிட் அவள் கையை ஒரு கணம் பிடித்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.

வெளியே வாசலில் நின்று முதலில் ஹைடிக்கு எடுப்பதா, அம்மாவுக்கு எடுப்பதா என்று யோசித்தாள். யோசிக்கும்போதே போன் அடித்தது, அம்மா. பொறுமை என்பது அந்த மனுசிக்குக் கிட்டடியிலும் இல்லை. “என்னவாம்? சொல்லு, எனக்கு நெஞ்சு அடிக்குது.” “அறுந்து போகேல்லையாம், அம்மா. நல்லாயிருக்காம்.” அந்தப் பக்கம் ஒரு கூச்சல், அப்பாவைக் கூப்பிடுகிறாள், முருகனைக் கூப்பிடுகிறாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. மயூரி காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அம்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்குவதை இங்கேயிருந்தே கேட்கலாம் போல இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்ல வராது. “அப்ப புதன்கிழமை போவியே?” “போகேல்லை, அம்மா. நான் விடப் போறன். இனி விளையாடேல்லை.” கூச்சல் நின்றது. “கால் நல்லாயிருக்கெண்டுதானே இப்ப சொன்னனி?” “ஓம்.” “பிறகேன்?” காட்டுவதற்கு மயூரியிடம் ஒன்றுமில்லை, அறுந்த நாரும் இல்லை, மருத்துவர் எழுதிய கடிதமும் இல்லை. “எனக்குக் காணும், அம்மா, விளையாடினது போதும்” என்றாள். வடக்கத்துக் காற்று அவள் வீட்டு ஜன்னலில் மோதுவது போனுக்குள்ளாலே கேட்டது. முப்பது வருஷம் குளிர்மீன் வெட்டிய கைகளோடு, ஒருக்காலும் நோகுது என்று சொல்லாத மனுசி, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“உண்மையைச் சொல்லு, பிள்ளை. எங்கயோ நோகுது, எனக்கு ஒளிக்கிறாய், என்ன?”

“நோகேல்லை, அம்மா. காணும்.”